பத்தியம் தவறியதாலா?

ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டர் முழுசாகப் படித்து முடிக்கவில்லை. அதற்குள் அந்த அம்மா கேட்டுவிட்டார்.

"நடுவுல நாலு நாள் நான் மாத்திரை போடலைங்க டாக்டரம்மா. அதனாலதானே திரும்ப வந்துடுச்சு?"

பக்கத்து நாற்காலியில் இருந்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 13 மாதங்களாக, வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் காலை எட்டரை மணிக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு போன் போட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி, "போட்டாச்சாம்மா?" என்பதுதான். ஒவ்வொரு நாளும் வந்த பதில், "போட்டாச்சு." அதில் நான்கு பொய் என்பது இப்போதுதான் தெரிகிறது.

தம்பி மகள் கல்யாணம். கும்பகோணத்தில் மண்டபம். அந்த மாத்திரையைப் போட ஆரம்பித்ததிலிருந்து அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் போக வேண்டும். மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், பாத்ரூம் இரண்டுதான் இருக்கும். 'நாலு நாள்தானே' என்று மாத்திரை டப்பாவைப் பீரோவிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுவீட்டு விருந்தில் கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காயும் வேறு. புற்றுநோய்க்கு அதெல்லாம் ஆகாது என்று நாத்தனார் முதல் நாளிலிருந்தே சொல்லி வந்தார். இது நடந்து ஏழு மாதம். ஏழு மாதமும் அதை வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார்.

டாக்டர் கோபப்படவில்லை. "நெஞ்செரிச்சலுக்குன்னு ஏதாவது மாத்திரை சேர்த்துப் போட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் இந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். அப்படி எதுவும் இல்லை என்றதும் சொன்னார்: "அப்ப நாலு நாளால வரலை. பேதி ரொம்ப அதிகமானா சில பேருக்கு நாங்களே ரெண்டு வாரம் வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லுவோம். சொல்லாம நிறுத்துனது தப்பு. ஆனா இது அதனால வந்தது இல்ல. கருவாட்டாலயும் இல்ல."

அம்மா தலையாட்டினார். நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

*

திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். வயது 61. பீடி, சிகரெட், புகையிலை எதுவும் அந்த வீட்டில் புழங்கியதில்லை. மூன்று மாத இருமலை நெல் தூசி என்றார்கள், அப்புறம் காசநோயோ என்று சளியைப் பரிசோதித்தார்கள், கடைசியில் ஸ்கேனும் பயாப்ஸியும். நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம்.

"புகையே பிடிக்காத எங்கம்மாவுக்கு எப்படி?" என்று மகள் கேட்டதற்கு அப்போதே ஒரு பதில் கிடைத்தது. செல்லின் மேற்பரப்பில் 'வளரு' என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு புரதம் இருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர் என்று பெயர். அதற்கான மரபணுவில் சின்னதாக ஒரு பிழை நேர்ந்தால், யாரும் அழுத்தாமலே அடிக்கும் காலிங் பெல் மாதிரி, கட்டளை வராமலே அது 'வளரு, வளரு' என்று கத்திக்கொண்டிருக்கும். புகைபிடிக்காதவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆசியர்களுக்கு வருகிற நுரையீரல் புற்றுநோயில் இந்தப் பிழை அதிகம் தென்படுகிறது. 2004-ல் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள் இதைக் கண்டுபிடித்தன. ஜெஃபிடினிப் என்ற மாத்திரை சிலருக்கு மட்டும் அதிசயமாக வேலை செய்கிறதே, ஏன் என்று தேடப் போய்க் கிடைத்த விடை அது. அந்தப் பெல்லின் வயரைப் பிடுங்குவதுதான் அந்த மாத்திரையின் வேலை.

அம்மாவுக்கும் அந்தப் பிழை இருந்தது. கீமோதெரபி வேண்டாம், தினம் ஒரு மாத்திரை போதும் என்றார்கள். மூன்றே வாரத்தில் இருமல் நின்றது. மூன்றாவது மாத ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழே. முகமெல்லாம் பரு மாதிரி பொரிப்பொரியாக வந்தது. "இந்த வயசுல எனக்குப் பருவா" என்று சிரித்தபடி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் நோய் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இந்த வகை முதல் தலைமுறை மாத்திரைகள் பெரும்பாலும் ஒரு வருஷத்தையொட்டித்தான் தாக்குப்பிடிக்கும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அந்த வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அப்படிப்பட்ட வாக்கியங்கள் விழுவதில்லை.

*

மருந்து ஏன் கைவிட்டது என்று பார்க்க மறுபடி ஒரு பரிசோதனை. டி790எம் என்று பெயர். அந்த இ.ஜி.எஃப்.ஆர் புரதத்தின் 790-வது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால் போதும், மாத்திரை முன்போலப் பிடித்து உட்கார முடியாது. 2005-ல் கண்டறிந்தது இது. இந்த மாத்திரைகள் பலனிழந்துபோகிறவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இந்த மாற்றம்தான் காரணமாக இருக்கும். இருந்தால் அதற்கென்றே ஓசிமெர்டினிப் என்று வேறொரு மாத்திரை உண்டு. அதன் விலையைக் கேட்டு மகள் மலைத்துப் போனாலும், நகையை வைத்தாவது வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.

பரிசோதனையில் அந்த மாற்றம் இல்லை என்று வந்தது.

"ஜீன் மாறலைன்னா அப்புறம் மருந்து எப்படி வேலை செய்யாமப் போச்சு?" என்றார் மகள்.

டாக்டரின் அறைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னார். வேறு மரபணு ஏதாவது பெருகியிருக்கலாம். கட்டி வேறு ரகமாக உருமாறியிருக்கலாம். "இன்னொண்ணும் இருக்கு. மரபணுல ஒரு எழுத்துகூட மாறாது. ஆனா அதைப் படிக்கிற விதத்தை செல் மாத்திக்கும். எபிஜெனெடிக்ஸ்னு சொல்லுவாங்க. உங்கம்மாவுக்கு நடந்தது அதுதானான்னு பார்த்துச் சொல்ல இங்க டெஸ்ட் கிடையாது. ஆனா படிச்சுப் பாருங்க. அம்மா தன்மேல பழி போட்டுக்கறதை நிறுத்த அது உதவும்."

மகள் படித்தார். வாட்ஸ்அப்பில் வருவதை ஒதுக்கிவிட்டு, புரிகிறதோ இல்லையோ மருத்துவ இதழ்களில் வந்ததை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராத்திரி ராத்திரியாகப் படித்தார்.

*

கண்ணில் இருக்கும் செல்லிலும் கல்லீரலில் இருக்கும் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. அப்படியானால் கண் ஏன் பித்தநீரைச் சுரப்பதில்லை? ஒவ்வொரு செல்லும் அந்தப் பெரிய புத்தகத்தில் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் திறந்து வைத்து, மற்றதை மூடி வைத்திருக்கிறது. ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ-வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அத்தனையும் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில், நூற்கண்டில் நூல் மாதிரி சுற்றியிருக்கிறது. இறுக்கிச் சுற்றிய இடத்தைப் படிக்க முடியாது, தளர்ந்த இடத்தைப் படிக்கலாம். எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பதற்கு டி.என்.ஏ மீதும் ஹிஸ்டோன் மீதும் சின்னச் சின்ன ரசாயன முத்திரைகள் ஒட்டப்படுகின்றன. மீத்தைல் முத்திரை, அசிட்டைல் முத்திரை என்று பல வகை. ஒட்டுவதற்கு சில என்சைம்கள், பிய்த்தெடுப்பதற்கு சில என்சைம்கள். எபிஜெனெடிக்ஸ் என்ற பெயரை 1942-ல் வைத்தவர் பிரிட்டன் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன். இந்த முத்திரைகளைப் பற்றியெல்லாம் தெரியவருவதற்கு முன்பே வைத்த பெயர்.

தேனீக்களைப் பற்றிப் படித்தபோதுதான் மகளுக்கு இது பிடிபட்டது. ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி மரபணு கொண்ட புழுக்களிலிருந்துதான் வருகின்றன. ராயல் ஜெல்லியை விடாமல் ஊட்டி வளர்த்த புழு ராணியாகிறது. 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், மீத்தைல் முத்திரை ஒட்டும் ஒரு என்சைமைத் தேனீப் புழுக்களில் அடக்கிப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ராணிகளாக வளர்ந்தன! எழுத்து ஒன்றும் மாறவில்லை. எந்தப் பக்கம் திறந்தது என்பதுதான் மாறியது.

இதே வசதி புற்றுநோய் செல்லுக்கும் இருக்கிறது என்பதில்தான் வம்பே.

*

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. அங்கே ஜெஃப்ரி செட்டில்மனின் ஆய்வகத்தில் ஸ்ரீநாத் சர்மாவும் மற்றவர்களும் செய்த சோதனை 2010-ல் 'செல்' இதழில் வெளியானது. அதற்கு முன்பே மருத்துவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்திருந்தார்கள். மாத்திரை பலனிழந்துபோன சிலருக்கு, கொஞ்ச காலம் அதை நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால் திரும்பவும் வேலை செய்தது. மரபணுவே மாறிப்போயிருந்தால் இப்படி நடப்பதற்கு வழியில்லை. மாறிய எழுத்து, மருந்தை நிறுத்தினதும் பழையபடி ஆகிவிடாதே.

அவர்கள் எடுத்துக்கொண்டது பி.சி.9 என்ற, ஜப்பானில் ஒரு நோயாளியின் நுரையீரல் கட்டியிலிருந்து உருவாக்கிய செல் வகை. அந்த அம்மாவுக்கு இருந்த அதே இ.ஜி.எஃப்.ஆர் பிழைக் குடும்பம். ஜெஃபிடினிப் வகை மருந்தை, சாதாரணமாகத் தேவைப்படுவதைப் போல நூறு மடங்குக்கு மேல் ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் ஏறக்குறைய எல்லாம் செத்துவிட்டன. ஏறக்குறைய. ஆயிரத்துக்கு மூன்று செல்கள் சாகவில்லை.

சாகாதவை வளரவும் இல்லை. பெருகாமல், பிரியாமல், அசையாமல் கிடந்தன. மருந்து தாக்குவது 'வளரு' என்ற கட்டளையை. வளர்வதையே நிறுத்திவிட்டவனை அது என்ன செய்யும்?

இதில் அவர்கள் சோதித்துப் பார்த்த இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. முதலாவது, ஒரே ஒரு செல்லை எடுத்து, அதிலிருந்து ஒரு புதுக் கூட்டத்தை வளர்த்தார்கள். எல்லாமே ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே மரபணு. அதிலும் மருந்து ஊற்றினால் அதே மாதிரி ஒரு சிறு கூட்டம் தப்பித்தது. அப்படியானால் தப்பித்தவை பிறவியிலேயே வேறானவை இல்லை. இரண்டாவது, தப்பித்தவற்றுக்கு மருந்தை நிறுத்தினார்கள். அவை விழித்து, பெருகி, சாதாரணமாகிவிட்டன. மறுபடி மருந்து ஊற்றியபோது முதல் தடவை மாதிரியே செத்தன, மறுபடியும் ஒரு சிறு கூட்டத்தைத் தவிர.

மருந்தை நிறுத்தாமல் விட்டபோது, தூங்கிக் கிடந்தவற்றில் சில, மருந்துக்கு நடுவிலேயே மெல்ல எழுந்து வளரவும் பழகிக்கொண்டன. அவைகூட, மருந்தில்லாமல் பல தலைமுறை வளர்த்தபின் பழைய நிலைக்குத் திரும்பின.

இதற்குக் காரணம் தேடியபோது அகப்பட்டவைதான் அந்த முத்திரைகள். ஹிஸ்டோனிலிருந்து ஒரு குறிப்பிட்ட மீத்தைல் முத்திரையைப் பிய்த்தெடுக்கும் கே.டி.எம்.5ஏ என்ற என்சைம் அந்த செல்களில் கூடியிருந்தது. அதைக் குறைத்தபோது, மருந்துக்கு நடுவில் எழுந்து வளரும் கூட்டமும் குறைந்தது. ஹிஸ்டோனில் அசிட்டைல் முத்திரை கழன்று போகாமல் தடுக்கும் ஒரு மருந்தைச் சேர்த்தபோது, மருந்து தொடாத அந்தத் தூங்குமூஞ்சிகள் செத்தன. அதே மருந்து சாதாரண புற்று செல்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தூங்குவதற்காக அவை செய்துகொண்ட ஏற்பாடே அவற்றின் பலவீனமாக ஆகியிருந்தது.

மகள் அந்தப் பகுதியை இரண்டு தடவை படித்தார்.

இந்தத் தந்திரம் புற்றுநோய் கண்டுபிடித்ததும் அல்ல. 1944-ல், பென்சிலின் புதிதாக வந்திருந்த காலம். ஜோசப் பிக்கர் என்ற அயர்லாந்து நுண்ணுயிரியலாளர் கிருமிகள்மேல் பென்சிலினை ஊற்றிப் பார்த்து இதையேதான் கண்டார். மிகச் சில கிருமிகள் சாகவில்லை, ஆனால் அவற்றின் வாரிசுகள் பென்சிலினுக்குச் சாதாரணமாகச் செத்தன. 'விடாமல் நிற்பவை' என்ற பொருளில் 'பெர்சிஸ்டர்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். புற்றுநோய் ஆய்வாளர்களும் அந்தப் பெயரைத்தான் இன்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021-ல் கனடாவின் டொரன்டோ நகர ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கீமோதெரபியைத் தாங்கி நிற்கும் குடல் புற்றுநோய் செல்கள், சில விலங்குகளின் கருப்பையில் கரு வளராமல் காத்திருக்குமே, அந்த நிலையை ஒத்திருக்கின்றன என்று சொன்னார்கள். சாப்பாடு இல்லாத காலத்தில் எலியின் கரு அப்படிக் காத்திருக்கும். காலம் நல்லபடியானதும் விட்ட இடத்திலிருந்து வளரும். உயிரைக் காக்க இயற்கை எழுதி வைத்த ஒரு பழைய பக்கத்தை, உயிரை எடுக்க வந்த நோய் தேடிப் புரட்டியிருக்கிறது.

சரி, தூங்குகிறவை தூங்கிக்கொண்டே இருந்தால் என்ன குறைந்துவிடும்? அங்கேதான் ஆபத்து. 2016-ல் வந்த ஆய்வுகள், இந்தத் தூங்கும் செல்களிலிருந்தே நாளடைவில் டி790எம் போன்ற நிரந்தர மாற்றங்களும் உண்டாகலாம் என்று காட்டின. முதலில் ஒளிந்துகொண்டு நேரம் வாங்குகிறது, அந்த நேரத்தில் பூட்டையே மாற்றிவிடுகிறது. முத்திரை மாற்றமும் எழுத்து மாற்றமும் தனித்தனிக் கதைகள் இல்லை.

*

இவ்வளவு தெரிந்தபின் யாருக்கும் தோன்றுவதுதான் மகளுக்கும் தோன்றியது. அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது கேட்டார்: "அந்த முத்திரை மருந்தை அம்மாவுக்கும் மாத்திரையோட சேர்த்துக் கொடுக்க முடியாதா?"

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். என்டினோஸ்டாட் என்ற அந்த வகை மருந்தை, ஜெஃபிடினிப்பின் சகோதரனான எர்லோடினிப்போடு சேர்த்து நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்த சோதனையில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. தட்டில் வளர்த்த செல்லும் மனுஷ உடம்பும் ஒன்றில்லை. புற்று செல்லின் முத்திரையைக் கலைக்கும் மருந்து நல்ல செல்லின் முத்திரையையும் கலைக்கும். கருப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் சினைப்பையின் புற்றுநோயிலும் இந்த மாதிரி ஒரு கூட்டு மருந்து எதிர்பார்த்தபடி அமையவில்லை.

ஆனால் ரத்தப் புற்றுநோயில் கதை வேறு. மீத்தைல் முத்திரையைக் குறைக்கும் அசாசிட்டிடின் 1960-களில் செக்கோஸ்லோவாகியாவில் உருவான மருந்து. 2004-ல் அமெரிக்காவில் எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்கு அது அனுமதி பெற்றது. பிறகு, கடும் கீமோதெரபியைத் தாங்க முடியாத வயதான ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அதை வெனிட்டோகிளாக்ஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அசாசிட்டிடின் மட்டும் வாங்கியவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 9.6 மாதம், இரண்டும் வாங்கியவர்களுக்கு 14.7 மாதம் என்று 2020-ல் வந்த முடிவு சொன்னது. சீனாவில் ஹார்மோன் சிகிச்சை பலனிழந்த மார்பகப் புற்றுநோய்க்கு, டுசிடினோஸ்டாட் என்ற அசிட்டைல் முத்திரை மருந்தை 2019-ல் அனுமதித்தார்கள். கட்டியாக வரும் புற்றுநோய்களில் இன்னும் நிறைய தூரம் போகவேண்டியிருக்கிறது.

"உணவால முத்திரையை மாத்தலாம்னு ஒரு வீடியோ வந்துதே டாக்டர்?" என்று மகள் இழுத்தார்.

"எனக்கும் வந்துது" என்றார் டாக்டர். "மஞ்சள் மாத்திரை, கிரீன் டீ மாத்திரைன்னு எதையும் என்கிட்டக் கேக்காம வாங்கிக் கொடுக்காதீங்க. புற்றுநோய் மருந்தோட வேலையைக் கெடுக்கிற மூலிகை மாத்திரைகளும் இருக்கு. குழம்புல போடற மஞ்சள் போட்டுக்குங்க, போதும்."

எபிஜெனெடிக்ஸ் என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததிலிருந்து அதன் பெயரைச் சொல்லிப் பொடியும் லேகியமும் விற்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். 'உங்கள் மரபணு உங்கள் கையில்' என்று அவர்கள் சொல்லும்போது, நோய் திரும்பி வந்தவரிடம் 'நீதான் சரியாகச் சாப்பிடவில்லை' என்றும் சொல்லிவிடுகிறார்கள். நாத்தனாரின் பத்தியப் பேச்சுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாத்தனாராவது காசு கேட்கவில்லை.

*

அம்மாவுக்கு கீமோதெரபி தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை. இரண்டாவது முறை முடிந்து ஊருக்கு வந்திருந்த ஒரு சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்து மகள் தான் படித்ததைச் சொன்னார். பெல், நூற்கண்டு, தேனீ எல்லாவற்றையும் சொன்னார். அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவது மாதிரி விரலைக் கிள்ளிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கும் செல்கள் வந்ததும் நிமிர்ந்தார்.

"கோரை மாதிரிங்கற."

"என்னம்மா?"

"வயல்ல கோரை வருமே, பார்த்ததில்ல நீ? மேல அறுத்துவிட்டா நாலாம் நாள் தலையைத் தூக்கும். மருந்தடிச்சா மேல எல்லாம் கருகிக் கிடக்கும், ஒழிஞ்சுதுன்னு நினைப்போம். கீழ கிழங்கு கிழங்கா கோத்துக்கிட்டுக் கிடக்கும்டி. முளைச்ச கிழங்குல மருந்து இறங்கும். தூங்குற கிழங்குல இறங்காது. அடுத்த தண்ணிக்கு அது எந்திரிக்கும்."

"அதேதாம்மா."

"அது வேற புல்லு இல்ல. அதே புல்லுதான். தூங்கிட்டு வந்த புல்லு." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "தாத்தா கோரைக்கு மருந்தை நம்ப மாட்டாரு. கோடை உழவு உழுது, கிழங்கைப் புரட்டி மேல போட்டு, பங்குனி சித்திரை வெயில்ல காய விடுவாரு. அதுலயும் ரெண்டு தப்பிக்கும். மறு வருஷம் மறுபடி உழுவாரு."

கிழங்கை எழுப்பி வெயிலுக்குக் கொண்டுவருவதைத்தான் பாஸ்டனிலும் டொரன்டோவிலும் செய்யப் பார்க்கிறார்கள் என்று மகள் சொன்னார். அம்மா அதை அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. அவர் மனசில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப, நான் மாத்திரையை நிறுத்துன நாலு நாளுக்கு முன்னாடியே அது கீழ கிடந்திருக்கும்?"

"முதல் மாத்திரை போட்ட அன்னிலேர்ந்தே கிடந்திருக்கலாம்மா. தினம் தவறாமப் போட்டவங்களுக்கும் வருது."

"கருவாடு?"

"கருவாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அம்மா எழுந்து உள்ளே போனார். சாமி படத்துக்கு விளக்கேற்றும் நேரம். திரும்பி வந்து வாசற்படியில் நின்று, "உன் அத்தைகிட்ட இதைச் சொல்லணும்" என்றார். "அவ வயல்லயும் கோரை உண்டு."

*

ஆறு தடவை கீமோதெரபி முடிந்தது. பிறகு ஒரே மருந்தாகச் சில மாதங்கள் தொடர்ந்தது. கட்டி அசையாமல் இருந்தது, பின் மெல்ல நகர ஆரம்பித்தது. டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "பழைய மாத்திரையையே மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா?" என்றார். மாத்திரைக்கு நீண்ட இடைவெளி விட்டாயிற்று. சிலருக்கு இரண்டாம் முறை வேலை செய்யும். பெரும்பாலும் முதல் தடவை அளவுக்கு நீடிக்காது. வேலை செய்யாமலும் போகலாம். எல்லாவற்றையும் அவர் இந்தத் தடவை மெதுவாகச் சொன்னார், இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

பீரோவிலிருந்து அந்தக் கிழமை எழுதிய டப்பா வெளியே வந்தது. எட்டரை மணி போனும் திரும்ப ஆரம்பித்தது.

"போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு. நேத்து மட்டும் ஒன்பதரைக்குப் போட்டேன். பேதி கொஞ்சம் இருந்துச்சு, டாக்டரம்மா நர்ஸுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் போட்டேன். மறைக்கல."

பன்னிரண்டாம் நாள் போனில் அம்மாவே முந்திக்கொண்டார்.

"மூக்கு ஓரத்துல பருவு வந்துடுச்சுடி! கன்னத்துலயும் ரெண்டு."

பரு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பது மகளுக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பைத் தடவச் சொன்னார். ஸ்கேனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.